கல்லில் வராத சொல்

எங்கள் கடையில் எழுத்துக்குத்தான் காசு, எண்ணுக்குக் கிடையாது. பிறந்த தேதியும் இறந்த தேதியும் எல்லாக் கல்லிலும் வரத்தானே செய்யும், அதற்குப் போய்ப் பணம் கேட்பதா என்று பெரிய தவுக்கே (தவுக்கே என்றால் முதலாளி), அதாவது இப்போதைய தவுக்கேயின் அப்பா, வைத்த வழக்கம் அது. மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கல்லறைக் கல் வெட்டும் இந்தக் கடையில் தமிழ் எழுத்து என் பொறுப்பு. தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவருடைய சீன மொழியான ஹொக்கியன் பேரம் பேசும் அளவுக்குத் தெரியும். 28 வருடம் இப்படியே ஓடிவிட்டது.

தமிழில் எழுத்து எண்ணுவது சண்டைக்கு இடம். ‘கொ’ ஒன்றா மூன்றா? ஒன்றுதான். புள்ளி வைத்த எழுத்துக்கும் முழுக் காசா? முழுக் காசுதான். உண்மையில் கஷ்டம் சுழியில் இருக்கிறது. ரப்பர் தாளில் எழுத்தை வெட்டியெடுத்து, தாளைக் கல்லில் ஒட்டி, காற்றோடு மணலைப் பீய்ச்சி அடிப்போம். சுழியின் வயிற்றுக்குள் நிற்கும் துளி ரப்பர் அந்த வேகத்தில் பறந்துவிடும். பறந்தால் சுழி போய்க் குழியாகிவிடும். கருங்கல்லில் அழிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நாலு தடவையாவது படித்துவிட்டுத்தான் மிஷினைத் தொடுவேன். படித்துப் படித்தே இந்த மதம் எனக்குள் கொஞ்சம் வந்து சேர்ந்தது.

நான் சைவக் குடும்பம். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் எரிப்பவர்கள், கல் வேலை அதிகம் இருக்காது. என்னிடம் வரும் தமிழ்க் கல்லெல்லாம் அநேகமாகக் கிறிஸ்தவர்களுடையவை. வாசகத்தைப் பார்த்தே எந்தச் சபை என்று சொல்லிவிடுவேன். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றால் மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் வழி. ‘இறைவனில் இளைப்பாறுகிறார்’ என்றால் கத்தோலிக்கர். ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’ என்று கேட்டால் அநேகமாகப் பெந்தெகொஸ்தே. ஒருவர் தூங்குகிறார், ஒருவர் ஓய்வெடுக்கிறார், ஒருவர் அந்த நிமிடமே உள்ளே போய்விட்டார். செத்தபின் என்ன நடக்கிறது என்பதில் இவர்களுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்பதை எனக்கு முதலில் காட்டியது இந்த வினைச்சொற்கள்தான்.

ஆனால் இத்தனை வருடத்தில் ‘நரகம்’ என்ற சொல்லை யாரும் வெட்டச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். பிரசங்கத்தில் அவ்வளவு வரும் சொல், கல்லுக்கு வருவதே இல்லை. வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் நின்று பார்த்தால் பினாங்கிலிருந்து ஒருவர்கூட நரகத்துக்குப் போகவில்லை என்றுதான் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை. எங்களுக்கு இரண்டு கடை தள்ளி ஊதுபத்தி, காகிதப் பணம் விற்கும் சீனர் கடை இருக்கிறது. அங்கே கட்டுக்கட்டாக ‘ஹெல் பேங்க் நோட்’. சீனக் காலண்டரில் ஏழாம் மாதம் பேய்த் திருவிழா வந்தால் தெருவே புகையும். ‘உன் அப்பாவுக்கு நரகப் பணமா அனுப்புகிறாய்’ என்று தவுக்கேயை ஒருநாள் சீண்டினேன். ‘செத்தவன் எல்லாரும் முதலில் அங்கேதான் போகணும். பத்து கோர்ட் இருக்கு. கணக்கு முடிஞ்சா மறுபடி பிறப்பான். நடுவில் செலவுக்கு வேண்டாமா?’ என்றார், ஏதோ இமிகிரேஷன் ஆபீஸைப் பற்றிச் சொல்வதுபோல. சீனத்தில் அது வெறும் கீழுலகம். ஆங்கிலத்தில் ‘ஹெல்’ என்று அச்சடித்ததால் பயங்கரமாகிவிட்டது.

தமிழிலும் அப்படி ஒரு சிக்கல் உண்டு என்று எனக்குச் சொல்லித் தந்தவர், தன் கல்லைத் தானே முன்கூட்டி ஆர்டர் செய்ய வந்த ஒரு வயதான உபதேசியார். இறப்புத் தேதிக்கு மட்டும் இடம் விடச் சொன்னார். ‘அது ஃப்ரீதானே தம்பி’ என்று சிரித்தார். அப்புறம் அடிக்கடி வந்து பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

‘நரகம்னு நாம ஒத்தைச் சொல்லா பேசுறோம். பைபிள்ல அது ஒண்ணு இல்லை, தம்பி’ என்றார். எபிரேயத்தில் ஷெயோல். நல்லவன் கெட்டவன் எல்லாரும் இறங்கும் இருட்டு. தமிழில் பாதாளம். கிரேக்கத்தில் அதற்கு ஹேடீஸ், அதுவும் பாதாளம்தான். இயேசு எச்சரிக்கும் இடங்களில் வருவது கெஹென்னா. பழைய மொழிபெயர்ப்பில் ‘எரிநரகம்’. அது எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பெற்றவர்களே பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்த இடம் என்று எரேமியா தீர்க்கதரிசி சபிக்கும் பள்ளத்தாக்கு. இன்றும் நடந்தே போய்ப் பார்க்கலாமாம், புல் முளைத்துக் கிடக்கிறதாம். எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. பிள்ளையை நெருப்பில் போட்ட இடத்தின் பெயரையே நரகத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நரகம் என்ற சொல் எங்கள் பக்கத்துச் சொல். எங்கள் பாட்டி சொன்ன நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை உண்டு, யமகிங்கரர் உண்டு, ஆனால் அதற்கு ஒரு முடிவும் உண்டு. வினை தீர்ந்தால் வெளியே வந்து மறுபடி பிறக்கலாம். தவுக்கேயின் பத்து கோர்ட்டும் அந்த ரகம்தான். கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது கதவைப் பூட்டிவிட்டார்கள். அதற்காகவே ‘நித்திய’ என்று ஒரு அடைமொழியும் தேவைப்பட்டது. எங்கள் பாட்டியின் நரகத்துக்குப் பக்கத்தில் வருவது கத்தோலிக்கரின் உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே வேதனை உண்டு, விடுதலையும் உண்டு. நவம்பர் 2-ல் அவர்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வது அங்கே இருப்பவர்களுக்காக. மற்ற சபையார் அதை ஒப்புக்கொள்வதில்லை. கண் மூடியதும் தீர்ப்பு ஆகிவிட்டது, இனி ஜெபத்துக்கு வேலையில்லை என்பார்கள். எனக்கு எந்தப் பக்கமும் பேச உரிமை கிடையாது. ஆனாலும் செத்தவருக்காக உயிரோடு இருப்பவர் செய்ய ஏதோ ஒன்று மிச்சமிருப்பது நல்லது என்றுதான் படுகிறது. திதி கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவன் வேறென்ன சொல்வேன்.

நான் சொல்ல வந்தது ஓர் அம்மாவைப் பற்றி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூட வந்தவர் கணவரின் அண்ணன், சபையில் பெரியவர். கல் அந்த அம்மாவின் பையனுக்கு. வயது 24. என்ன ஆச்சு என்று நான் கேட்பதில்லை. அந்த வயதுக் கல்லுக்கு யாராவது தானாகவே ‘மோட்டார் ஆக்சிடென்ட்’ என்று சொல்லிவிடுவார்கள். இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. புரிந்துகொண்டேன். தற்கொலைக்கு முயன்றால் குற்றம் என்ற தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இந்த நாட்டில் 2023-ல்தான் எடுக்கப்பட்டது. இது அதற்கு முன்னால். சொந்தக்காரர்களிடம்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசிய காலம்.

பெரியவர் வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ 17 எழுத்து. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்.’

பெரியவர் படித்துவிட்டு முகம் மாறிப்போனார். ‘என்னம்மா இது? பாதாளம்னு போய்க் கல்லுல போடுவாங்களா? பாக்குறவன் என்ன நினைப்பான்?’

‘நினைக்கிறதைத்தான் ஏற்கெனவே நினைக்கிறாங்களே, அத்தான்.’

அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துப் பேசினார், அவரிடம் சொல்ல முடியாததை எல்லாம் என்னிடம் சொல்வதுபோல. பிறந்த வீடு கத்தோலிக்கமாம், வாழ்க்கைப்பட்டது மெதடிஸ்ட் குடும்பமாம். ‘சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை தவறாம விசுவாசப் பிரமாணம் சொல்லுவோம், தம்பி. அதுல இயேசு பாதாளத்தில் இறங்கினார்னு வரும். எதுக்கு இறங்கினார்னு அப்போ யோசிச்சதே இல்லை. இப்போ ராத்திரியெல்லாம் அதான் யோசிக்கிறேன். அங்க யாரையோ தேடித்தானே போயிருப்பார்?’

எனக்கு உபதேசியார் சொன்னது ஞாபகம் வந்தது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த காலம் உண்டு. 1917-ன் சட்டத் தொகுப்பில் அப்படி இருந்தது. 1983-ல் வந்த புதிய தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி போய், அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், கடவுள் மட்டுமே அறிந்த வழிகள் அவருக்கு உண்டு என்கிறதாம். அதைச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. நான் யார் சொல்ல? சைவன், கல் வெட்டுகிறவன். பெரியவர் வேறு பக்கத்தில் இருக்கிறார். வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

இரண்டு பேரும் வெளியே ஐந்தடி நடைபாதையில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் சும்மா இருக்க முடியாமல் சீட்டை எண்ணினேன். வசனத்தின் முன்பாதியும் சரியாக 17 எழுத்துத்தான். திரும்பி வந்தபோது பெரியவரின் கண் சிவந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை, பையனைத் தூக்கி வளர்த்தவராம். ‘தம்பி, பின்பாதி மட்டும் போடுங்க. அந்தச் சொல் வேணாம்’ என்றார்.

‘சரி’ என்றார் அந்த அம்மா. ‘ஆனா கீழே அதிகாரம், வசனம் நம்பர் வரணும். கொஞ்சம் பெரிசாவே போடுங்க.’

‘நீர் அங்கேயும் இருக்கிறீர்.’ 13 எழுத்து. வசனம் வரும் புத்தகத்தின் பெயர் ‘சங்கீதம்’, 5. பில் போட்டுத் தவுக்கேயிடம் கொடுத்தேன். அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழே இருந்த 139:8-இல் விரலை வைத்து, இது எழுத்தா என்று கேட்டார்.

‘இல்லை, எண்’ என்றேன்.

‘அப்போ காசு இல்லை’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.