மணிக்கொரு முறை மெமரியைத் துடைத்த சர்வர்

திருப்பூரில் நூல் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 32 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கொஞ்சம் வயதான ஹார்ட் டிஸ்குகள். புகார் வந்த விதம்தான் விசித்திரம்: ஒவ்வொரு மணி நேரமும் முடிந்து அடுத்தது தொடங்கும்போது சொல்லிவைத்தாற்போல் எல்லா கவுண்டரும் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும்.

“பார்ட்டி பேரைப் போட்டுட்டு டீ குடிச்சுட்டே வந்துடலாமுங்ணா, அப்பத்தான் லெட்ஜர் வருது” என்றார் கணக்குப் பார்க்கும் தம்பி. தீர்ப்பும் அவரே சொல்லிவிட்டார். “மெமரி ஃபுல்லுங்ணா. இன்னும் ரெண்டு ஸ்டிக் வாங்கிப் போட்டுடலாமுங்களா?” கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். ‘ஃப்ரீ’ என்ற பத்தியில் 400 எம்பிகூட இல்லை.

அந்த ஒரு பத்தியைப் பார்த்துப் பயந்து ரேம் வாங்கியவர்கள் ஊரில் நிறைய. அதே வரியில் ‘பஃப்/கேஷ்’ 24 ஜிபி, கடைசியில் ‘அவைலபிள்’ கிட்டத்தட்ட அதே அளவு. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த ஃபைலை லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்துக்கொள்ளும்; அதுதான் கேஷ். வேறு புரோகிராம் இடம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். இந்தக் குழப்பத்துக்காகவே 2014இல் லினக்ஸின் மையமான கர்னல், தன் 3.14 பதிப்பில் ‘மெம்அவைலபிள்’ என்ற கணக்கைத் தனியாகக் காட்டத் தொடங்கியது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் மணிக்கொரு முறை என்ன நடக்கிறது? மெமரி, டிஸ்க், சிபியு நிலவரத்தை வரிவரியாகக் காட்டும் விஎம்ஸ்டாட்டை ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டு, மணி மாறும்வரை காத்திருந்தேன். மாறியதும் கேஷ் பத்தி 24 ஜிபியிலிருந்து 1 ஜிபிக்கும் கீழே விழுந்தது. ஃப்ரீ அந்த அளவுக்கு மேலே ஏறியது. ரேம் போதாமல் டிஸ்குக்குப் போய்வருவதைக் காட்டும் ஸ்வாப் பத்திகள் (‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’) இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றன. அடுத்த வரியிலிருந்து டிஸ்கில் படிக்கும் அளவு எகிற, காத்திருப்பைக் காட்டும் ‘டபிள்யூஏ’ 60 சதவீதத்தைத் தாண்ட, சிபியு டிஸ்குக்காகக் கைகட்டிக் காத்திருந்தது. மெமரி பற்றாமல் போனால் கேஷ் இப்படி ஒரே வீச்சில் காலியாகி, ஃப்ரீ இவ்வளவு ஏறி நிற்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

கர்னல் லாகில் பார்த்தால் மணிக்கு மணி ‘ட்ராப்_கேஷஸ்: 3’, அதாவது கேஷைக் கொட்டிவிடு, என்று ஒரு வரி, எந்த ப்ராசஸ் செய்தது என்பதோடு. கர்னல் காட்டிக்கொடுத்துவிட்டது. நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கிரான்டேபில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில், அந்தக் கட்டளை உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர் போட்டது. மேலே ‘மெமரி க்ளீனிங்’ என்று கமெண்ட் வேறு!

இந்தக் கட்டளையில் 1 என்றால் ஃபைல் கேஷ், 2 என்றால் டைரக்டரி, ஐநோடு (ஃபைல் பற்றிய குறிப்பு) விவரங்கள், 3 என்றால் இரண்டும். சோதனைக்கும் பெஞ்ச்மார்க்குக்கும் பயன்படும் சாமான் அது. கேஷ் வளர்வதைக் கட்டுப்படுத்த இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. மளிகைக் கடையில் அடிக்கடி போகும் சரக்கைக் கல்லாப் பக்கத்தில் அடுக்கி வைத்தால், ஒருவர் மணிக்கொரு முறை வந்து அத்தனையையும் குடோனில் கொண்டுபோய் வைப்பது போலத்தான். ரேமில் எட்டிப் பார்க்க 100 நானோ விநாடி அளவில் ஆகும். சுழலும் டிஸ்கில் ஓரிடம் தேடிப்போக 10 மில்லி விநாடி அளவில். லட்சம் மடங்கு!

இங்கே அடி பலமாக விழுந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. போஸ்ட்கிரெஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ‘ஷேர்ட்_பஃபர்ஸ்’ நிறுவியபோது இருந்த 128 எம்பியிலேயே கிடந்தது. ஆக, டேட்டாபேஸின் ஞாபகம் முழுக்க லினக்ஸின் கேஷை நம்பித்தான். அதைத் துடைத்தால் லெட்ஜர் எங்கிருந்து வரும்?

கிரான் வரியை எடுத்தேன். மறுநாள் புகார் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது ஷேர்ட்_பஃபர்ஸை 8 ஜிபி ஆக்கி போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தேன். ரேமில் கால்வாசியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். இதில் ஒரு நுணுக்கம்: அந்த 8 ஜிபியும் நிரம்ப நிரம்ப ‘பஃப்/கேஷ்’ கணக்கிலேயே சேர்ந்து தெரியும். ஆனால் கேட்டதும் விட்டுக்கொடுக்கிற ரகம் அது இல்லை. அதனால் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிப் பார்த்து நிம்மதி அடைவதும் சரிவராது.

மானிட்டரிங்கில் அலாரத்தை ‘அவைலபிள்’ 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அடிக்கும்படி மாற்றிவிட்டேன். தம்பிக்கு ஸ்டிக் ஆசை இன்னும் விடவில்லை. விஎம்ஸ்டாட்டில் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டும் பூஜ்யத்தை விட்டு ஏறி ஏறியே நின்றால் படம் பிடித்து அனுப்புங்கள், அன்றைக்கே வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.