கரண்ட் போனாலும் கை விழக்கூடாது

ஜூன் 9
நான் செய்கிற இயந்திரக் கையின் தோளில் வார்ம் கியர் (திருகு சக்கரத்தைச் சுழற்றுவது) போட்டால், கரண்ட் போனாலும் தானே பூட்டிக்கொள்ளும் என்கிறார்கள். அதிர்வு வந்தால் அதுவும் நழுவும். அப்படிப் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு உரசல் இருந்தால் மோட்டார் கொடுப்பதில் பாதிகூட வெளியே வராது. ஹார்மானிக் கியர்தான், வளைந்துகொடுக்கும் மெல்லிய கிண்ணத்தில் பல் வெட்டியது. பிரேக் தனியாக.

ஜூன் 10
கை முழுக்க நீட்டியிருக்கிறது. நுனியில் 3 கிலோ, தோளிலிருந்து 60 சென்டிமீட்டர். கையின் சொந்த எடை 2 கிலோ, நடுவில். கூட்டினால் தோளைத் திருப்பும் விசை ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர். தோளிலேயே பிடிக்கிற பிரேக்குக்கு இடமில்லை. 1:100 கியருக்கு முன்னால், மோட்டார் தண்டில் பிடித்தால் 0.24 போதும், 0.5 வைத்துக்கொள்ளலாம். ஆனால் கியர் பல் போய்விட்டால்? பிரேக் மோட்டாரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும், கை இறங்கிவிடும். கீழே அப்பாவின் கட்டில்.

ஜூன் 11
அப்பா அரை இட்லி.

ஜூன் 13
கணபதி லேத் அண்ணன் படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, இது கரண்ட் வந்தாப் புடிக்குமுங்களா, கரண்ட் போனாப் புடிக்குமுங்களா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்பிரிங் பிடிக்கும், கரண்ட் இருக்கும்வரை 24 வோல்ட் காந்தக் காயில் விடுவிக்கும். ஒயர் அறுந்தாலும் பிடிக்கும். யூபிஎஸ் போதும் என்பவர்கள் ஒயரை நினைப்பதில்லை.

ஜூன் 14
சோலினாய்டு பின் யோசனை: கரண்ட் இருக்கும்வரை காந்தம் பின்னை இழுத்துவைத்திருக்கும், போனால் பின் பல்லில் விழும். மோட்டார் தண்டில் 6 பல் சக்கரம். ஒரு பல் 60 டிகிரி, தோளில் 0.6, நுனியில் 6 மில்லிமீட்டர் இறங்கி நிற்கும். அது பரவாயில்லை. ஓட்டத்தில் பின் விழுந்தால் சுழலும் வேகம் மொத்தமும் ஒரே அடியாக ஹார்மானிக்கின் மெல்லிய கிண்ணத்தில் இறங்கும். மறுபடியும் பல். வேண்டாம், உரசிப் பிடிக்கிற டிஸ்க் பிரேக்தான்.

ஜூன் 15
சாயங்காலம் காற்று. இரண்டு முறை கரண்ட் போனது. ஒவ்வொரு தடவையும் கட்டிலைத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 17
டிஸ்க் வரவில்லை. கியரின் கிரீஸ் அதில் பட்டால் பிடி போய்விடும், நடுவில் ஆயில் சீல் கட்டாயம்.

ஜூன் 18
பிரேக் காயிலுக்குக் குறுக்கே டயோடு (கரண்டை ஒரே பக்கம் விடுவது) மட்டும் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் கரண்ட் அதற்குள்ளேயே சுற்றி மெல்ல வடிகிறது. அதுவரை ஸ்பிரிங் காத்திருக்கும், கை காத்திருக்காது. கூடவே ஒரு ஜீனர் டயோடு சேர்த்தால் சட்டென்று வடியும்.

ஜூன் 20
டிஸ்க் வந்தது! 3 கிலோ மணல் கட்டி, கையை முழுக்க நீட்டி, ஒயரைப் பிடுங்கினேன். நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், நின்றது. அப்பாவிடம் சொன்னேன். "கீழ நீ நின்னு பாத்தியா?" என்றார்.
கியர் பல்லுக்கு இன்னும் வழி இல்லை. தோளில், கியருக்கு அடுத்த பக்கம், ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் சின்ன ராட்செட் ஒன்று, எடையைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது மட்டும் விழுகிற மாதிரி. காலையில் அண்ணன் கடை திறந்ததும் கேட்க வேண்டும்.