தறிப்பட்டறை மாடியில் ஒரு சின்ன சர்வர்: கேஸ் தேடிய கதை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்க் போய்விட்டது. செருகினால் உள்ளே டிக், டிக் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். இளம்பிள்ளையில் எங்களுக்குக் கீழே எட்டு விசைத்தறி, மாடியில் வீடு. மூன்று வருஷத்து டிசைன், ஜக்கார்டுக்கு ஏற்றும் ஃபைல், வாட்ஸ்அப்பில் போட எடுத்த சேலைப் படம், வீடியோ எல்லாம் அந்த ஒரே டப்பாவில்தான் இருந்தன. வெளியூருக்கு அனுப்பிப் பாதிக்கு மேல் மீட்டேன். அதற்குக் கொடுத்த காசில் புது டிஸ்க் இரண்டு வாங்கியிருக்கலாம்.

அப்போதுதான் வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர், அதாவது ஃபைல்களைச் சேர்த்து வைக்க எப்போதும் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். 4 டிபி டிஸ்க் நான்கு. ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போனால் கையில் 12 டிபி நிற்கும். நான்கில் ஒன்று செத்தாலும் ஃபைல் போகாது. மதர்போர்டு தேர்வுக்கு ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை. இன்டெல் என்100 பிராசஸர் பதித்து வரும் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டு, 17 செ.மீ.க்கு 17 செ.மீ., பிராசஸர் கணக்கு 6 வாட். மென்பொருள் ஓப்பன் மீடியா வால்ட். எல்லாம் சேர்த்து ஒரு வாரம். இதையெல்லாம் உள்ளே மாட்டும் பெட்டியான கேஸுக்கு மட்டும் ஐந்து மாதம் பிடித்தது, இரண்டு தடவை காசும் போனது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "டவர் கேஸா எடுத்துக்கோங்க. சின்னதெல்லாம் இங்க யாரும் கேக்கறதில்லீங்க, ஆர்டர் போட்டுத்தான் வரணும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போது படுகிறது. ஆனால் வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் ஹாலில் சுவரோடு கட்டிய ஷோகேஸின் கீழ்த்தட்டு மட்டும்தான். அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடத் தர அம்மா தயாராக இல்லை.

தேடித் தேடி, ஈரோட்டில் ஒருவரிடம் பழைய கேஸ் ஒன்று வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்பக்கம் மூடிய கதவு, உள்ளே நான்கு டிஸ்க் ஒன்றன்மேல் ஒன்றாக, பின்னால் ஒரே ஒரு 80 மி.மீ. ஃபேன். என்ன கம்பெனி என்பது வேண்டாம், தவறு என்னுடையது. எத்தனை லிட்டர், எத்தனை டிஸ்க் என்றுதான் பார்த்தேனே தவிர, காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று பார்க்கவில்லை. ஒரு டிஸ்க் 26 மி.மீ. தடிமன். அதில் இரண்டு டிஸ்க்குக்கு நடுவே சுண்டு விரல்கூட நுழையாது.

தை மாதம் ஒன்றும் தெரியவில்லை. மாசி கடைசியில் மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் நடு டிஸ்க் 53 டிகிரி. பொதுவாக டிஸ்க் தயாரிப்பாளர்கள் தரும் வரம்பு 60. ஆனால் 45-க்குள் வைத்திருக்கத்தான் நான் நினைத்திருந்தேன். கோடை இன்னும் முழுசாக வரவே இல்லை. அம்மா கேஸ் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, தோசைக்கல்ல எதுக்குடா ஷோகேஸ்ல வெச்சிருக்க?" என்றார்.

கதவைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஃபில்டர் முழுக்க மஞ்சளாக இருந்தது. அந்த வாரம் கீழே நாலு தறியில் மஞ்சள் பாவு ஓடிக்கொண்டிருந்தது. நூல் பிசிறு படிக்கட்டு வழியாக ஏறி வந்து, ஃபில்டரில் ஒட்டி, அப்பளம் மாதிரி ஒரே தகடாகப் படிந்திருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினேன், முழுசாக உரிந்து வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இது சாதாரண ஆபீஸ் அறைக்கு யோசித்த கேஸ், நம் வீட்டுக்கு ஆகாது என்று புரிந்தது.

தூசி மட்டும் இருந்தால் ஃபில்டரைத் துடைத்துச் சமாளித்திருப்பேன். இன்னொரு சங்கதியும் இருந்தது. பகலில் பெரிய ஃபைல் காப்பி செய்தால் வேகம் திடீரென்று படுத்துவிடும், ராத்திரி தறி நின்றபின் நன்றாக ஓடும். கீழே தறி ஓட்டும் அண்ணனிடம் புலம்பியபோது அவர் கேட்டார்: "அந்தச் செவுத்துக்கு நேர் கீழதான நம்ம மூணாவது தறி இருக்குது?" அப்படியே மண்டையில் உறைத்தது. டிஸ்க்கில் ஊசி நிற்கும் தடம் முடியை விடப் பல மடங்கு மெல்லியது. அடி அதிர்ந்தால் அது தடம் விலகி, திரும்பச் சரிசெய்துகொண்டு, மறுபடி படிக்க வேண்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஷோகேஸ் தட்டில் வைத்தேன். விடாமல் வட்டம் வட்டமாக அலை. டம்ளரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். சமையலறை மேடையில் கொஞ்சம் குறைவு. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுத் திருப்பத்தில், தறிக்கூடத்துக்கு எதிர்ப்புறச் சுவர் ஓரம், தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. சர்வர் இருக்க வேண்டிய இடம் அதுதான். ஷோகேஸும் அம்மாவுக்கே திரும்பப் போனதால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

சரி, இப்போது அந்த இடத்துக்கு ஏற்ற கேஸ். இந்தத் தடவை காசு கொடுப்பதற்கு முன் அளந்தேன். சித்திரையில் மார்க்கெட்டிலிருந்து மாம்பழம் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, மனதில் இருந்த கேஸ்களின் அளவில் மாதிரி செய்தேன். ஜோன்ஸ்போ என்2 ஐந்து டிஸ்க் பிடிக்கும், நீளம் அகலம் இரண்டும் 222.5 மி.மீ. ஏறக்குறைய ஒரு கனசதுரம். முன்னாலிருந்தே டிஸ்க்கை உருவி எடுக்கலாம். ஆனால் அதற்கு எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு பவர் சப்ளை புதிதாக வாங்க வேண்டும். டிஸ்க்குகளுக்கு என்று இருப்பது 15 மி.மீ. தடிமனில் ஒரே மெல்லிய ஃபேன். குளிரூட்டிய அறை வைத்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஃப்ராக்டல் நோட் 304 கொஞ்சம் பெரிசு: அகலம் 250, உயரம் 210, ஆழம் 374 மி.மீ. ஆறு டிஸ்க் பிடிக்கும். முன்னால் 92 மி.மீ. ஃபேன் இரண்டு, பின்னால் 140 மி.மீ. ஒன்று. காற்று நேராக டிஸ்க் மேல் அடிக்கும். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளையே போதும், என்னிடம் பழையது ஒன்று இருந்தது. அட்டை மாதிரியைத் திருப்பத்தில் வைத்துப் பார்த்ததில் பின்னால் கேபிளுக்கு நான்கு விரல் இடம் மிஞ்சியது. ஆர்டர் போட்டேன்.

பவர் சப்ளை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்100 போர்டு குறைவாகத்தான் இழுக்கும் என்பதை நம்பி, லேப்டாப் சார்ஜர் மாதிரி சின்ன அடாப்டர் போதும் என்று முதலில் நினைத்தேன். ஓடும்போது சரி. ஆனால் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிக்கு ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் கேட்கும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 100 வாட்டுக்குப் பக்கம். எங்கள் ஊரில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

மாட்டிய நாள்தான் பெரும் பாடு. பவர் சப்ளைக்கு 160 மி.மீ. வரை இடம், என்னுடையது 150. மிச்சம் 10 மி.மீ.யில் கேபிள் கற்றை முழுவதும் வளைய வேண்டும். அதுவும் கழற்ற முடியாத வகை, தேவையில்லாத ஒயர்கள் எல்லாம் சேர்ந்து கை மொத்தத்துக்கு வரும். எப்படியோ திணித்து, மூடியை அழுத்தித் திருகு போட்டேன். ஓடியது. மறுநாள் டிஸ்க்குகள் தங்கள் நிலையைத் தாமே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால், இரண்டாவது டிஸ்க்கில் 199-ஆம் வரி, அதாவது டேட்டா வழியில் பிழையாக வந்த தடவைகளை எண்ணும் சிஆர்சி எரர், காலையில் 3, மத்தியானம் 9, சாயங்காலம் 14. டிஸ்க் கெட்டுவிட்டது என்று வயிறு கலங்கியது. ஆனால் அந்த வரி பெரும்பாலும் கேபிளைத்தான் காட்டிக்கொடுக்கும். திறந்து பார்த்தேன். மூடி அழுத்தி, டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தலை மடங்கிய எல் வடிவ கேபிள் நான்கு வாங்கி மாற்றியதும் நின்றுவிட்டது. சின்ன கேஸ் வாங்குகிறவர்கள் இந்தக் கேபிளையும் சேர்த்தே ஆர்டர் போடலாம்.

பிசிறுக்கு வழி வேறு. கேஸில் ஃபில்டர் உண்டுதான், ஆனால் வாரா வாரம் கழற்றுவது சள்ளை. முதலில் மெல்லிய சேலைத்துணி ஒன்றை முன்னால் கட்டினேன். பிசிறு நின்றது, ஆனால் சூடு 3 டிகிரி ஏறியது. துணியைக் கழற்றிவிட்டுக் கொசுவலையை இரண்டு மடிப்பாக வெல்க்ரோவில் ஒட்டினேன். சூடு ஏறவில்லை, பெரிய பிசிறெல்லாம் அதிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை உருவி உதறினால் போதும்.

அக்னி நட்சத்திரத்தில், திருப்பத்தில் காற்றே 38 டிகிரி இருந்த மதியம், நான்கு டிஸ்க்கும் 43, 44-இல் நின்றன. தறி ஓடும்போதும் காப்பி வேகம் குறையவில்லை. இன்னொரு காப்பி ஏற்காட்டில் அக்கா வீட்டில் ஒரு தனி டிஸ்க்கில் இருக்கிறது. அங்கே பயம் சூடு அல்ல, மழைக்காலத்து மூடுபனி ஈரம். அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

கொசுவலையை உதறும் அதே ஞாயிற்றுக்கிழமை 199-ஆம் வரியையும் ஒருமுறை பார்ப்பேன். இரண்டாவது டிஸ்க்கில் அந்த 14 அப்படியே நிற்கிறது. அந்த எண் குறையாது, கூடாமல் இருந்தால் போதும்.