பென்சில் புள்ளடி: 2016 ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 9, வியாழன்

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா போவதா என்று 23ஆம் திகதி நடக்கும் வாக்கெடுப்புக்குப் பெயர் பதிவது இன்று நள்ளிரவோடு முடிகிறது. உண்மையில் செவ்வாய் இரவே முடிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் போய் விழுந்ததில் அரசாங்கத்தின் இணையத்தளம் படுத்துவிட்டது, அதனால் இரண்டு நாள் கூட்டிக் கொடுத்தார்கள். நான் போன மாதமே பதிந்துவிட்டேன்.

வேலையில் இதைச் சொன்னபோது எங்கள் போலந்து நர்ஸ் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு வோட்டு இருக்கா?" இருக்கிறது. நான் வைத்திருப்பது இலங்கைப் பாஸ்போர்ட், 2013இல் மனைவி விசாவில் வந்தவள், ஆனால் பொதுநலவாய நாட்டுக்காரர் முறைப்படி இங்கே வசித்தால் வோட்டுப் போடலாம். அவர் 2005இல் வந்தவர், பதினொரு வருடமாக வரி கட்டுகிறார், இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள், அவருக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்காரரில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் ஆட்களுக்கு மட்டும்தான் உண்டு.

"அப்போ என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று நீ முடிவு செய்யப் போகிறாய்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் மத்தியானச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இரவு இவரிடம் சொன்னேன். வெள்ளைக்காரன் நூற்றைம்பது வருடம் எங்கள் நாட்டை வைத்திருந்ததற்கு இப்போதுதான் வட்டி வருகிறது, வாங்கிக்கொள் என்றார்.

ஜூன் 13, திங்கள்

நான் வேலை செய்வது லண்டன் ஹரோவில், சேர்ஜரி என்று இங்கே சொல்கிற ஒரு டொக்டர் நிலையத்தில், வரவேற்பு மேசையில். காலை எட்டு மணிக்குப் போன் திறக்கும். திறக்கும் என்றால், ஏழு ஐம்பத்தெட்டிலிருந்தே மூன்று லைனிலும் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும், நாங்கள் மூன்று பேரும் ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பதுபோல ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எட்டு இருபத்தைந்துக்கு அன்றைய இடங்கள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எடுப்பவர்களுக்கு ஒரே பதில்தான், இரண்டு கிழமை.

இன்று அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நேரிலேயே வந்து நின்றார். இரண்டு கிழமை என்றதும், "இவ்வளவு சனத்தையும் உள்ளே விட்டால் பிறகு எங்கே இடம்?" என்றார். என் முகத்தைப் பார்த்து இல்லை, எனக்குப் பின்னால் இருந்த பைல் அலமாரியைப் பார்த்து. பிறகு பஸ்ஸின் கதை வந்தது. ஒன்றியத்தை விட்டுப் போவோம் என்கிற கட்சிக்காரர் சிவப்பு பஸ்ஸில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார்களே, ஒன்றியத்துக்குக் கிழமைக்கு 350 மில்லியன் பவுண் அனுப்புகிறோம், அதை அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸுக்குக் கொடுப்போம் என்று. அந்தக் காலத்துப் பிரதமர் தாட்சர் 1984இல் சண்டை பிடித்து வாங்கிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் காசே போகிறது, கழித்தால் அது 300க்கும் கீழே, அதிலும் ஒரு பங்கு விவசாயிகளுக்கும் பின்தங்கிய இடங்களுக்கும் திரும்பி வருகிறது. புள்ளிவிபர அதிகார சபையே அந்தக் கணக்கு ஆட்களைப் பிழையாக எண்ண வைக்கும் என்று சொல்லிவிட்டது. ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு இதெல்லாம் கதைக்க முடியுமா? நான் அவருடைய பிறந்த திகதியைக் கேட்டேன்.

அந்த ஆள் பொய்க்குக் கோபப்படவில்லை. இரண்டு கிழமை என்பது உண்மை. போன வருடம் இங்கே இரண்டு டொக்டர்கள் ஓய்வு பெற்றார்கள், வந்தது ஒருவர்தான். கவுன்சில் காசில் நடந்த முதியோர் பகல் நிலையத்தை மூடியதிலிருந்து அங்கே போய்க் கதைத்துக்கொண்டிருந்த கிழடுகள் பாதிப் பேர் இங்கே முழங்கால் வலியோடு வருகிறார்கள். இதில் எதையும் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசல்ஸில் இருந்து ஒருவரும் செய்யவில்லை.

ஜூன் 17, வெள்ளி

நேற்று மத்தியானம் எம்பி ஜோ கொக்ஸைக் கொன்றுவிட்டார்கள். யோர்க்‌ஷயரில் பேர்ஸ்டல் என்ற சின்ன ஊர், நூலகத்துக்கு வெளியே, சுட்டும் குத்தியும். 41 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், பாராளுமன்றத்துக்கு வந்து ஒரு வருடம்தான்.

எம்பிக்கள் தங்கள் தொகுதி ஆட்களைச் சந்திப்பதற்கும் இங்கே சேர்ஜரி என்றுதான் பெயர். அவர் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வீட்டுப் பிரச்சினை, விசாப் பிரச்சினை, கவுன்சில் கடிதம் என்று யாரும் போய் முன்னால் உட்காரலாம். விசா அலுவலாக நானும் இவரும் ஒருமுறை எங்கள் எம்பியிடம் அப்படிப் போயிருக்கிறோம். வாசலில் ஒருவரும் பையைத் திறந்து பார்க்கவில்லை, அது எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இரண்டு பக்கமும் பிரசாரத்தை நிறுத்திவிட்டார்கள். இன்று காத்திருப்பு அறையில் ரீவியை அணைத்தே வைத்திருந்தோம்.

ஜூன் 19, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்புறம் வழக்கமான சண்டை.

அத்தான் போவோம் கட்சி. 1991இல் வந்தவர், பிரித்தானியப் பாஸ்போர்ட், பத்து வருடமாகப் பேப்பர் கடை. கடையில் ஒரு முழுத் தட்டு போலந்துச் சாமான்: ஊறுகாய்ப் போத்தல், சொசேஜ், பியர். வெள்ளிக்கிழமை சம்பளம் எடுத்த கையோடு வந்து அள்ளிக்கொண்டு போகிறவர்களும் அவர்கள்தான். அது வேறை, இது வேறை என்கிறார்.

அவருடைய வாதத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. "உங்கட அம்மா மூண்டு கிழமை பேரப்பிள்ளையைப் பாக்க வாறதுக்கு வங்கிப் புத்தகம், காணி உறுதி, திரும்பிப் போவன் எண்டு சத்தியக் கடிதம் எல்லாம் குடுத்தும் ரெண்டு தரம் இல்லை எண்டாங்கள். உவங்கள் பிளேனில ஏறி வந்து இறங்குறாங்கள். இது நியாயமே பிள்ளை?" போவோம் பக்கத்து அமைச்சர் பிரீத்தி பட்டேலும் இதைத்தான் சொல்கிறார். ஐரோப்பாக் கதவைச் சாத்தினால் எங்கள் பக்கத்துக் கதவு திறக்குமாம், கறிக் கடைகளுக்குச் சமையல்காரர் வரலாமாம்.

நான் சொன்னேன், அத்தான், அம்மாவை மறித்தது லண்டனில் போட்ட சட்டம். இவர் என்னைக் கூப்பிட வருடம் 18,600 பவுண் சம்பளம் காட்ட வேண்டும் என்று 2012இல் விதி கொண்டுவந்ததும் லண்டன்தான், அதைக் காட்டுவதற்காக இவர் இரண்டாவது வேலைக்குப் போய், இரவில் பெட்டி தூக்கி, நான் அங்கே கொக்குவிலில் எட்டு மாதம் காத்திருந்து... சொல்லிக்கொண்டு போகும்போதே குரல் ஏறிவிட்டது. அதே ஆட்கள் நாளைக்கு எங்களுக்குக் கதவு திறப்பார்கள் என்று எப்படி நம்புகிறீர்கள்?

"நாங்கள் வரிசையில நிண்டு முறையா வந்தனாங்கள்" என்றார் அத்தான்.

சோற்றுக் கரண்டியோடு நின்ற அக்கா திரும்பினாள். "எந்த வரிசையில நிண்டனீங்கள்? லொறிக்குள்ளையோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தானும் சிரித்துவிட்டார், ஆனால் வோட்டை மாற்றுகிற ஆள் இல்லை.

ஜூன் 21, செவ்வாய்

வெம்பிளியில் பெரிய விவாதம், ரீவியில் பார்த்தோம். இருப்போம் பக்கம் லண்டன் மேயர் சாதிக் கான், போவோம் பக்கம் முன்னாள் மேயர் பொரிஸ் ஜோன்சன். வியாழக்கிழமை நாட்டின் சுதந்திர தினமாகலாம் என்று ஜோன்சன் முடித்தபோது பாதி மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. யாரிடமிருந்து சுதந்திரம் என்று இவர் ரீவியைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான், பத்து மணிக்குப் படுத்துவிட்டோம்.

ஜூன் 23, வியாழன்

விடிய முதலே இடியும் மழையும், லண்டனில் பல இடத்தில் வெள்ளம். வேலை முடிந்து நனைந்த சப்பாத்தோடு தேவாலய மண்டபத்துக்குப் போனேன். பெயரையும் விலாசத்தையும் சொன்னதும் ஒரு கிழவி அடிமட்டத்தை வைத்து என் பெயரில் கோடு இழுத்துவிட்டுத் தாளைக் கிழித்துத் தந்தார். அடையாள அட்டை கேட்கவில்லை. ஊரில் விரலுக்கு மை பூசுவார்கள், இங்கே அதுவும் இல்லை.

மறைப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சிலால் போட்டால் அழித்து மாற்றிவிடுவார்கள், பேனை கொண்டு போங்கள் என்று போவோம் கட்சி ஆட்கள் சிலர் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அத்தான் நீலப் பேனையோடுதான் போயிருப்பார்.

தாளில் இரண்டே பெட்டி. மேலே இருப்போம், கீழே போவோம். நான் ஏற்கெனவே முடிவெடுத்த ஆள்தான். ஆனாலும் எழுதத்தானே இந்தக் குறிப்பு: பென்சில் கொஞ்ச நேரம் கீழ்ப் பெட்டிக்கு மேல் நின்றது. அம்மாவின் இரண்டாவது மறுப்புக் கடிதத்தில், திரும்பிப் போவீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு யாருக்காவது ஒரு அடி கொடுக்க வேண்டும்போல இருந்தது. பிறகு மேலே புள்ளடி போட்டேன்.

ஜூன் 24, வெள்ளி

தூக்கம் இல்லை. நள்ளிரவு தாண்டியதும் சண்டர்லண்ட் நகரத்தின் முடிவு வந்தது, நூற்றுக்கு 61 பேர் போவோம். இவர் அப்போதே போய்ப் படுத்துவிட்டார். ஐந்து மணிக்கு முன்னரே பிபிசி முடிவைச் சொல்லிவிட்டது. போவோம் 51.9, இருப்போம் 48.1. ஹரோ இருப்போம் என்றது, பக்கத்து ஹிலிங்டன் போவோம் என்றது. பவுண் 1985க்குப் பிறகு காணாத இறக்கம்.

எட்டு மணிக்குப் போன் அதேபோலத் திறந்தது. ஒருவரும் ஐரோப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை, காது வலி, மருந்துச்சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு. கொஞ்ச நேரத்தில் பிரதமர் கமரன் வீட்டு வாசலில் நின்று விலகுவதாகச் சொன்னார். அதற்கு முன்னரே காலை ரீவியில் போவோம் பக்கத்துத் தலைவர்களில் ஒருவரான பராஜிடம் அந்த 350 மில்லியன் என்எச்எஸ்ஸுக்குப் போகுமா என்று கேட்க, உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொன்னது பிழை, அது தன் விளம்பரமும் இல்லை என்றார். விடிந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

நர்ஸ் வழக்கம்போல வந்து கையுறை மாட்டி இரத்தம் எடுத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை, மேல் பெட்டிக்குப் போட்டேன் என்று போய்ச் சொன்னால் கூலி கேட்பதுபோல இருக்கும்.

ஜூன் 26, ஞாயிறு

அத்தான் வென்ற ஆள் மாதிரியே இல்லை. பவுண் இப்படியே கிடந்தால் மொத்தக் கடையில் விலை ஏறும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது மட்டும் காருக்குக் கிட்ட வந்து மெதுவாக, "இனி அம்மாவுக்கு ஒருக்காப் போட்டுப் பாப்பம் பிள்ளை" என்றார். உண்மையாகவே நம்புகிறார். எனக்கு அவரோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை.

ஜூன் 28, செவ்வாய்

நேற்றிரவு இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் தோற்றதைப் பற்றித்தான் காலை முழுக்கக் கதை.

மத்தியானம் நர்ஸ் ஒரு கட்டுத் தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நிரந்தர வதிவிடத்துக்கான படிவம், 85 பக்கம். "உங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றார். குத்தலாக இல்லை, உதவியாகத்தான் கேட்டார். பழக்கம்தான். பி60 என்கிற சம்பள வரிப் பத்திரங்களை வருட வரிசையில் வை, பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கத்தையும் சேர்த்துக் கொப்பி எடு, ஸ்டேப்பிள் அடிக்காதே, மூலப் பிரதியை அனுப்ப முதல் எல்லாவற்றையும் படம் எடுத்து வை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது.

நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு பயணமும், போன திகதி, வந்த திகதி. அந்த இடத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு நத்தாரும் போயிருக்கிறார், சில ஈஸ்டருக்கும், யார் எழுதி வைத்தார்கள்? பழைய மின்னஞ்சலில் டிக்கெட்டுகளைத் தேடிச் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் எழுதினேன். அப்பாவின் செத்தவீட்டுக்குப் போன திகதியை மட்டும் போனைப் பார்க்காமலே சொன்னார்.

இரண்டு மணிக்கு லைன் திறக்க வேண்டும். 2013 வரை வந்திருந்தோம், மீதி நாளைக்கு.