‘ஆப்’ (ob) என்ற இரண்டெழுத்துக்காக ஒரு மல்லுக்கட்டு

எங்கள் இலைப்புள்ளிப் பூஞ்சைக் கட்டுரை ஒருவழியாக அச்சேறிவிட்டது. சேகரிப்பு, ஸ்லைடு, படம், ஹெர்பேரியத்தில் (உலர் மாதிரிக் காப்பகத்தில்) மாதிரி ஒப்படைப்பு, பூஞ்சைப் பெயர்களைப் பதியும் மைக்கோபேங்கின் எண் எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. உயிரை வாங்கியது லத்தீன்தான்.

2012 முதல் புதிய சிற்றினத்துக்கு ஆங்கிலத்திலேயே விவரணை எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் நம் பூஞ்சைக்கு முன்பே யாராவது பெயர் வைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டாமா? 1935 தொடங்கி 2011 முடிய புதிய பூஞ்சைப் பெயருக்கு லத்தீன் விவரணை கட்டாயம். இலைப்புள்ளி உண்டாக்கும் செர்கோஸ்போரா வகையறாவைத் தொட்டால் அவற்றைப் படிக்காமல் நகர முடியாது.

லத்தீன் படித்த ஒருவரிடம் காசு கொடுத்து அந்தப் பழைய விவரணைகளை மொழிபெயர்க்கச் சொன்னோம். ‘கிளாவாட்டா’ வந்த இடமெல்லாம் ‘ஆணி பதித்த’ என்று எழுதித் தந்தார்! பொது அகராதியில் அந்தப் பொருள் உண்டு. ‘கிளாவுஸ்’ என்றால் ஆணி. தாவரவியலிலோ மூலச்சொல் ‘கிளாவா’, அதாவது கதாயுதம். கொடுத்த காசு போனது போனதுதான். தாவரவியல் லத்தீனுக்கென்றே உள்ள சொற்களஞ்சியத்தைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

‘கிளாவாட்டுஸ்’ என்றால் நுனியை நோக்கி மெல்ல மெல்லப் பருப்பது. திடீரென்று தலை கட்டினால் ‘கேப்பிட்டாட்டுஸ்’. ‘ஆப்கிளாவாட்டுஸ்’ இதற்கு நேர் தலைகீழ்: அடி பருத்து நுனி ஒடுங்கும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் கொனிடியாவை (பாலிலா வித்துகளை) பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எங்கள் பூஞ்சையும் அந்த ரகம்.

இதழிலிருந்து எங்கள் கட்டுரையின் அச்சுப்படி வந்தபோது ‘ஆப்’ எல்லா இடத்திலும் காணாமல் போயிருந்தது. எழுத்துப்பிழை என்று திருத்துநரே நீக்கிவிட்டாராம். மெயில் அனுப்பினால், “வழக்கமான சொல்லையே போட்டிருக்கிறோம்” என்று பதில். அடுத்த படியிலும் அதே கூத்து. வயிறு எரிந்தது. இந்தக் குழுவில் கொனிடியா உருளையா, ஆப்கிளாவேட்டா என்பதை வைத்துத்தான் பல சிற்றினங்களைப் பிரிக்கிறோம். அதையே புரட்டிப்போட்டால் பின்னால் வருகிறவர் எதை வைத்து அடையாளம் காண்பார்?

வாதாடுவதை விட்டுவிட்டு, படத்தில் கொனிடியம் காம்போடு ஒட்டியிருந்த தழும்பை (அதுதான் அடிப்பக்கம்) அம்புக்குறியிட்டுக் காட்டி, அடியில் 5 மைக்ரான், நுனியில் 2 மைக்ரான் என்று அகலத்தை எழுதி அனுப்பினோம். மறுநாளே ‘ஆப்’ திரும்பி வந்தது. அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் டீ என் செலவு.

பழைய ஸ்கேன்களில் தேடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்கஸ்கள் (வித்துப் பைகள்) ‘கிளாவாட்டி’, பாராஃபைசிஸ்கள் (அவற்றுக்கிடையே உள்ள மலட்டு இழைகள்) ‘கிளாவாட்டே’, பசிடியங்கள் (வித்து தாங்கும் செல்கள்) ‘கிளாவாட்டா’ என்று சொல்லின் இலக்கணப் பாலுக்கேற்ப விகுதி மாறும். அதனால் ‘கிளாவாட்’ (clavat) வரை மட்டும் தட்டித் தேடுங்கள். கிடைத்ததும் அதற்கு முந்தைய வரியின் கடைசியையும் பாருங்கள். ‘ஆப்’ அங்கே கோடு போட்டு ஒடிந்து நிற்கலாம். தேடுபொறி அதைக் காட்டாது.