உன்ர சுவரைத் தொடு

வல்வெட்டித்துறைப் பொடியனுக்கு யாரும் உட்கார்ந்து நீச்சல் சொல்லிக்கொடுப்பதில்லை. 1954இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் எங்கள் ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் இந்தியாவுக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலத்தில். இந்தக் கதைகளோடு வளர்ந்த எங்களுக்குக் கொழும்பு நீச்சல் தடாகம் ஒரு பொருட்டா? அந்த நினைப்போடுதான் கல்லூரி அணியாக யாழ்தேவி ரயிலில் ஏறினோம்.

பயிற்சிக்கு இறங்கியதுமே மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. கடலில் நீந்துகிறவன் அடிக்கடி தலையைத் தூக்கி, கரையில் ஒரு பனையையோ கோபுரத்தையோ பார்த்துத் திசை பிடிப்பான். தடாகத்தில் தலை உயர்ந்தால் இடுப்புத் தாழும், வேகம் செத்துவிடும். அதைவிடக் கெட்டது பக்கத்து லேனைப் பார்ப்பது. மூச்செடுக்க முகம் திரும்பும்போதே கண் அங்கே ஓடும். அவன் ஒரு முழம் முன்னால் நின்றால் எங்கள் கை பதறும், வீச்சுக் குறுகும், தண்ணீரைக் கலக்குவதுதான் மிச்சம்.

மாஸ்டர் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தார், மனதுக்கு ஒரு வேலை கொடுத்தார். குப்புற நீந்துகிறவர்களுக்குத் தரையில் ஓடும் கறுப்புக் கோடு. சுவருக்கு 2 மீற்றர் இருக்க அது குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும். நான் மல்லாந்து நீந்துகிறவன், எனக்கு வானம்தான். அதனால் சுவருக்கு 5 மீற்றரில் மேலே தொங்கும் கொடிகளைக் கண்டதும் கைவீச்சை எண்ணத் தொடங்க வேண்டும். எத்தனையாவது வீச்சில் சுவர் வரும் என்று கைக்கே தெரியும்வரை விடமாட்டார். திரும்பிப் பார்த்தால், “அவன்ர சுவரையே தொடப்போறாய்? உன்ர சுவரைத் தொடு” என்பார்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சல், கடைசியில் சுவரே தெரியவில்லை. மனிதர் கைவீச்சை எண்ணியே போய்த் தொட்டார்: 1 நிமிடம் 52.03 செக்கன், அப்போதைய உலக சாதனை. தொலைக்காட்சியில் எல்லாரும் அதிசயம் என்றார்கள். மாஸ்டரிடம் படித்த எங்களுக்கு அதில் அதிசயமாக ஒன்றும் படவில்லை.

சரி, நம் பிள்ளைகளின் போட்டிகளுக்கு வரும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கரையில் நின்று “பக்கத்துப் பிள்ளை வாறான், வாறான்” என்று கத்தாதீர்கள். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அது பிள்ளைக்குக் கேட்காது. கேட்டுவிட்டால் திரும்பிப் பார்க்கும்.