இருபத்திரண்டரையும் முப்பத்தேழரையும்

பிள்ளைகள் தினமும் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று குறித்து வைக்க இவர் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். நோட்டில் எழுதினால் ஆகாதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நோட்டுக்கும் ஒரு புரோகிராம் எழுதுவார்.

நேற்று ராத்திரி அதனால் பஞ்சாயத்து. பெரியவன் படித்தது 22.5 நிமிஷம். சின்னவள் 37.5. (டைமர் அரை நிமிஷக் கணக்கில்தான் ஓடும். அதையும் நான் கேட்கவில்லை.) நேரத்தைக் கால் மணிக் கணக்காக்கிக் காட்டும் திரையில் இரண்டு பேருக்கும் 30.

சின்னவள் போட்ட சத்தத்தில் அத்தை டிவியை நிறுத்திவிட்டே வந்துவிட்டார். அத்தை டிவியை நிறுத்தினால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

"பதினஞ்சு நிமிஷம் கூட உட்கார்ந்திருக்கு புள்ள. அதை எங்கடா தொலைச்ச?"

இவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். 15ஆல் வகுத்து, முழு எண்ணாக்கி, திரும்ப 15ஆல் பெருக்க வேண்டும். அவனுக்கு வகுத்தால் 1.5, இவளுக்கு 2.5. பைத்தான் 3இல் ரவுண்ட் போட்டால், சரிபாதியில் நிற்கிற எண் பக்கத்திலுள்ள இரட்டைப்படைக்குப் போகும். 1.5 ஏறி 2, 2.5 இறங்கி 2. இதற்குப் பெயர் பேங்கர்ஸ் ரவுண்டிங். எல்லாப் பாதியையும் மேலேயே தள்ளினால் மொத்தம் ஊதிப்போகுமாம்.

"சராசரியில பார்த்தா நியாயம்தாம்மா."

இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சராசரி நியாயம் பேசுகிறார் மனுஷன்.

என் வாய் சும்மா இருக்குமா? "பைத்தானை விட்டுட்டு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில எழுதியிருந்தா 2.5 ஒழுங்கா 3 ஆகியிருக்கும். புள்ளைக்கு 45 கிடைச்சிருக்கும்" என்றேன்.

"மைனஸ் 2.5ஐக் குடுத்துப் பாரு, மைனஸ் 2ன்னு சொல்லும். அது மட்டும் யோக்கியமா?"

"மைனஸ் நேரம் இந்த வீட்டுல யாரு படிக்கிறா?"

"உன் புள்ளதான்."

பெரியவனைப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை.

அப்புறம் இவர் கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தைக்குப் போய்விட்டார். 1982இல் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டெண்ணை, ஒவ்வொரு தடவை கணக்கிடும்போதும் மூன்று தசமத்துக்கு மேல் உள்ளதை வெட்டிப் போட்டே வந்தார்களாம். 1983 நவம்பரில் அது 520 சொச்சத்தில் நின்றது. சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1098க்கு மேல். "துளித்துளியா ஒரே பக்கம் தள்ளினா இதுதான் கதி" என்றார். சின்னவளுக்கு வான்கூவர் வேண்டாம், 45தான் வேண்டும்.

சரி, கால் மணியே வேண்டாம் என்று 0.1 மணிக் கணக்குக்கு, அதாவது ஆறு நிமிஷக் கணக்குக்கு மாற்றினார். அவள் 18 நிமிஷம் போட்டுச் சோதித்தாள். மூன்று ஆறு நிமிஷம்; 3ஐ 0.1ஆல் பெருக்கி 0.3 வர வேண்டும். வந்தது 0.30000000000000004. 3க்குப் பின்னால் 15 சைபர், கடைசியில் ஒரு 4. கம்ப்யூட்டர் எண்ணை இரண்டின் அடுக்குகளில் எழுதும்போது 0.1 துல்லியமாக அடங்காது என்பதும், 0.1ஆல் பெருக்காமல் 10ஆல் வகுத்திருந்தால் நேராக 0.3 வந்திருக்கும் என்பதும் இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் விடவில்லை. "அந்த 4 எனக்குத்தான்! அண்ணனுக்குக் கிடையாது!" என்று குதித்தாள். இவர் வெறுத்துப்போய்ப் பழையதையே திரும்ப வைத்துவிட்டார்.

இன்றைக்குப் பெரியவன் டைமர் 22.5ஐத் தொட்டதும் எழுந்துவிட்டான். அரை மணி நேரம் கணக்கில் ஏறியது. திருட்டுப் பயல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி காதில் ஏதோ ஓதினான்.

"37.5ல எழுந்திரிச்சுடாத, நஷ்டம். 52.5 வரைக்கும் இரு. 3.5 வரும், அது 4க்குப் போயிடும். ஒரு மணி நேரம் கிடைக்கும்."

அவளும் அசையாமல் உட்கார்ந்தாள். படிக்கச் சொன்னால் கால் மணி தங்காதவன், அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கக்கூட அவளை எழவிடவில்லை. இவனே கொண்டுவந்து கொடுத்தான்.